விழுநிலம்

சென்னையில் ஒருவரைத் திட்டவேண்டும் என்றால் புறம்போக்கு என்ற ஒரு வார்த்தை போதும், கைகலப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். அதே வார்த்தையைத் தில்லைநாயகி இருபத்தாறு வருஷமாகத் தினம் நாற்பது தடவையாவது சொல்லி, அதற்குச் சம்பளமும் வாங்கிவந்தாள். நிலப் பதிவேடுதான் அவள் பிழைப்பு. வெயிலில் சங்கிலி இழுத்து நிலம் அளக்கிற சர்வேயராகச் சேர்ந்தவள், இப்போது மாநிலத்து வரைபடங்களையெல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் மையத்தில் இணை இயக்குநர். குளத்துப் புறம்போக்கு, பாதைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என்று எதைக் கேட்டாலும் சர்வே எண்ணோடு ஒப்பிப்பாள். அப்பேர்ப்பட்டவள்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தப்பாக எழுதிக் கொடுத்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் நடந்தது அதுதான்.

முதலில் கவசத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கவசம் என்பது நேச நாட்டின் ஏவுகணைத் தடுப்புத் திட்டம். எந்த மூலையிலிருந்து ஏவுகணை கிளம்பினாலும் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். நடுவானிலேயே எதிர் ஏவுகணை போய் அதை உடைக்கும். நீங்களும் எங்களோடு சேருங்கள், உங்கள் ஊர்களையும் சேர்த்துக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். பதிலுக்கு இரண்டு கேட்டார்கள். நம் மண்ணில் அவர்கள் ராடார்களை நிறுத்த இடம் வேண்டும். அவர்களை நோக்கி நம் தலைக்குமேல் போகிற ஏவுகணைகளையும் இங்கேயே உடைக்க அனுமதி வேண்டும். சேரலாமா கூடாதா என்று நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. டீக்கடையில் அதே பேச்சு, டி.வி.யில் அதே கூச்சல். சேராவிட்டால் நாளைக்கே நம் தலையில் விழும் என்றது ஒரு கட்சி. சேர்ந்தால் தெருச் சண்டையை வீட்டுக்குள் கூட்டிவந்த மாதிரி என்றது இன்னொரு கட்சி. அரசாங்கம் வழக்கப்படி ஒரு குழு போட்டது. ஒன்பது பேர். நில விவரங்களுக்காகத் தில்லைநாயகியையும் அதில் சேர்த்தார்கள்.

நில விவரம் எதற்கு என்று அப்போது அவளுக்குச் சரியாகத் தெரியாது. ராடாருக்கு இடம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். குழு கூடின முதல் மாதத்தில் நேச நாட்டுப் பொறியாளர்கள் ஓர் அட்டவணை அனுப்பினார்கள். உங்கள் பதிவேட்டில் வரும் முப்பத்தெட்டுச் சொற்களுக்கு ஒற்றை வரி விளக்கம் வேண்டும், ஒரு கட்டத்தில் இடைவெளியும் சேர்த்து இருபது எழுத்துத்தான் ஏறும் என்று குறிப்பு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரத்தில் அவளே உட்கார்ந்து நிரப்பினாள். பதினான்காவது வரியில் புறம்போக்கு வந்தது. 'ஆள் பாத்தியதை இல்லாத அரசு நிலம்' என்று அடித்தாள். கட்டம் சிவப்பாகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஒரே ஓர் எழுத்து அதிகம். சீ, இது ஒரு தொல்லை என்று, உரிமையைச் சொல்கிற பாத்தியதையை மட்டும் எடுத்துவிட்டாள். 'ஆள் இல்லாத அரசு நிலம்.' கட்டம் பச்சையானது. அடுத்த வரிக்குப் போனாள்.

பதிவேட்டுக்காரர்களைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஆள் இல்லை என்றால் பட்டாவில் பேர் இல்லை என்று அர்த்தம். அங்கே நாலு தலைமுறையாகக் குடும்பம் நடந்தாலும், பேருந்து நிறுத்தமே இருந்தாலும், பதிவேட்டில் ஆள் இல்லை. அவர்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இதை யாரும் யாருக்கும் விளக்கியது கிடையாது.

பத்து மாதம் கழித்து ஒரு காலையில் அமலதாஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குழுவில் இருந்த விஞ்ஞானி அவர்தான். தூத்துக்குடிக்காரர், ஒல்லி, எந்நேரமும் எதையாவது கிண்டல் செய்துகொண்டே இருப்பார். அன்றைக்கு என்னவோ கிண்டலைக் காணோம். சோதனை ஓட்டத்தின் வரைபடம் வந்திருக்கிறது, நில விவரம் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அறிக்கை போவதற்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது.

திரையில் தென் மாவட்டங்கள் விரிந்தன. பெரும்பாலும் பச்சை. நடுநடுவே சின்னச் சின்னதாய் மஞ்சள். மஞ்சள் என்றால் என்ன என்று கேட்டாள். விழுநிலம் என்றார் அவர். அவள் முழித்ததைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏவுகணையை அடிச்சா அது காணாமப் போயிடும்னு ஜனங்க நெனைக்கிறாங்க மேடம். காணாம எங்க போகும்? அத்தனை டன் இரும்பு, எரிபொருள், அமிலம். உடையும், அவ்வளவுதான். உடைஞ்சது கீழ வந்துதான ஆகணும்."

பழைய தடுப்புகளில் துண்டுகள் மூன்று மாவட்டத்துக்குச் சிதறுமாம். கவசத்தின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. அது ஒரே ஓர் எதிர் ஏவுகணையோடு நிறுத்திக்கொள்வதில்லை. முப்பது சின்ன ஏவுகணைகளை அனுப்பி, உடைந்த துண்டுகளையும் இப்படி ஒரு தட்டு அப்படி ஒரு தட்டு தட்டி, எல்லாவற்றையும் ஓர் ஊர் அகலத்துக்குள் குவித்துவிடும். ஒரு விநாடி முந்தி அடித்தால் ஓரிடம், பிந்தி அடித்தால் இன்னோரிடம். எங்கே விழவேண்டும் என்பதை இயந்திரம் தேர்ந்தெடுக்கும். அப்படித் தேர்ந்தெடுக்க ஆள் இல்லாத இடங்களின் பட்டியல் ஒன்று அதன் கையில் இருக்கவேண்டும்.

தில்லைநாயகி மஞ்சளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சர்வேயருக்குக் கண் பழக்கம் என்று ஒன்று உண்டு. தரிசு நிலம் இப்படி இருக்காது, நீளமாக, கட்டுத்திட்டம் இல்லாமல் கிடக்கும். இந்த மஞ்சள்கள் ஒவ்வொன்றும் ஒரு கண்மாய்க்குப் பக்கத்தில், வழி வந்து சேருகிற இடத்தில், உள்ளங்கை மாதிரி அடக்கமாக இருந்தன. இந்த உருவத்தை அவள் ஆயிரம் தடவை வரைந்திருக்கிறாள். இராமநாதபுரம் பக்கம் ஒன்றைப் பெரிதாக்கச் சொன்னாள். கருவேலந்துறை என்று பேர் வந்தது. சர்வே எண் நூற்றுப் பன்னிரண்டு. வகைப்பாடு, நத்தம் புறம்போக்கு.

நத்தம் என்றால் ஊர். வீடுகள் இருக்கிற இடம். வெள்ளைக்காரன் காலத்தில் வீட்டடிக்கு வரி போடாமல் விட்டார்கள். வரி போடாத நிலத்தையெல்லாம் புறம்போக்கு என்ற ஒரே மூட்டையில் கட்டினார்கள். குளமும் சுடுகாடும் கிடக்கிற அதே மூட்டையில் ஊரும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைத்தான் அவள் ஆள் இல்லாத நிலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இயந்திரம் சொன்ன பேச்சுத் தட்டாமல், வயலையெல்லாம் பத்திரமாக விட்டுவிட்டு, தேடித் தேடி வீடுகளை மஞ்சளாக்கி வைத்திருந்தது.

கருவேலந்துறையில் அவள் தம்பி சேதுராசு இருக்கிறான். கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையன், கருவேலந்துறையில் பெண் எடுத்து, மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேலி பேசுவார்கள். அவன், அவன் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், மாமனார், மாமியார். ஏழு பேர் அந்த மஞ்சளுக்குள் இருந்தார்கள்.

"அமலதாஸ், இதெல்லாம் வீடு," என்றாள்.

பாத்தியதைக் கதையை ஒளிக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. நத்தத்தையெல்லாம் நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம் என்றார். இரண்டு பேரும் டீ குடித்து முடிப்பதற்குள் ஓடி முடிந்தது. நூறு ஏவுகணை வந்தால் எழுபத்தொன்றுக்கு 'அனுமதி இல்லை' என்று வந்தது. விழ இடம் இல்லை, ஆகவே அடிக்க முடியாது, ஆகவே ஏவுகணை அதன் பாட்டுக்குப் போய்ச் சேரும்.

கடலில் தள்ள முடியாதா என்று கேட்டாள். பாதை அப்படி, கடலுக்கு மேல் வரும்போது நேரம் தப்பிவிடுகிறது என்றார். காடு? காட்டுக்கு உலக ஒப்பந்தம் இருக்கிறது, யானை இருக்கிறது. வயல்? பட்டா இருக்கிறது, வழக்குப் போடுவார்கள் என்று தனிப்பட்டியலில் போய்விட்டது. ஏரி குளம் குடிதண்ணீர். தொழிற்சாலைகள் பக்கம் போகவே முடியாது.

"மிச்சம் இருக்கறது ஜனங்க மட்டும்தான் மேடம்," என்றார் அமலதாஸ். "நீங்க தப்பா எழுதின ஒரு வரியாலதான் இந்தக் கவசம் வேலை செய்யுது."

அவள் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மேசையில் கிடந்த கோப்புகளின்மேல் கோபம் வந்தது, இருபது எழுத்துக்குக் கட்டம் போட்டவன் மேல் வந்தது, கடைசியில் சுற்றிச் சுற்றித் தன்மேலேயே வந்து நின்றது. குழுவில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். வேலை போனால் போகட்டும். சொன்னால் நிறுத்திவிடுவார்கள். இவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தும் எந்த மனுஷன் கையெழுத்துப் போடுவான் என்று அவளுக்கு அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது, பாவம்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடியது. தலைவர் வேதாசலம், ஓய்வுபெற்ற செயலாளர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். நேச நாட்டின் பிரதிநிதியாக ஹால்வர்சன் என்ற அம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு வில்லை தொங்கும். அவர் தன் மொழியில் முணுமுணுத்தால் வில்லை அதைச் சுத்தமான செந்தமிழில் சொல்லும், ஒரு சந்திப்பிழை இருக்காது. ராணுவத்திலிருந்து வந்தவர் வழக்கம்போல நாம் திறந்த வீடு மாதிரிக் கிடக்கிறோம் என்றார். பொருளாதாரப் பேராசிரியை, இன்றைக்கு ராடார், நாளைக்கு என்ன கேட்பார்கள் என்று வழக்கம்போல மடக்கினார். மெதுவடை வந்தது. சட்னி தீர்ந்துபோவதற்குள் தில்லைநாயகி எழுந்து நின்று, பதினான்காவது வரி தப்பு, விழுநிலம் என்று குறித்தவற்றில் முக்கால்வாசி மக்கள் வாழும் ஊர்கள், தப்பு என்னுடையது என்று சொல்லி முடித்தாள். மாநிலம் முழுவதும் அப்படி எத்தனை ஊர் என்ற கணக்கையும் சொன்னாள். நாலாயிரத்துச் சொச்சம்.

யாரும் வடையைக் கீழே வைக்கவில்லை. ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஹால்வர்சன் மட்டும் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையை அசைத்தார்.

"அம்மையீர், அங்கு மக்கள் வாழ்வதை நாங்கள் அறிவோம்," என்றது வில்லை. "எங்கள் செயற்கைக்கோள்களுக்கு விளக்குகள் தெரிகின்றன."

"தெரிஞ்சுமா இந்தப் பட்டியலை வெச்சிருக்கீங்க?"

"ஆள் இல்லை என்று உங்கள் அரசின் ஆவணம் சொல்கிறது. எங்கள் நேச நாட்டின் ஆவணத்தை ஐயுறுவது முறையாகாது."

இவ்வளவு அழகான தமிழில் இப்படி ஒரு பதிலை அவள் ஜென்மத்தில் கேட்டதில்லை. வேதாசலம் தொண்டையைச் செருமி, மதிய உணவுக்குப் பிறகு பார்க்கலாம் என்று கூட்டத்தைக் கலைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் தலைவர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நீங்கள் செய்தது நேர்மையான காரியம் என்று பாராட்டினார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். சேராமல் இருந்துவிட்டால் மட்டும் அந்த நாலாயிரம் ஊரும் பிழைத்துவிடுமா? போன வருஷம் எல்லைக்கு அந்தப்பக்கம் ஏவிப் பார்த்தது நம் பெருநகரம் வரைக்கும் எட்டும். வந்தால் ஒரு நகரம். எண்பது லட்சம் பேர். சேர்ந்தால், என்றைக்காவது ஒருநாள், ஏதோ ஓர் ஊர். தனக்கும் தூக்கம் வருவதில்லை என்றார். அதில் பொய் இல்லை, கண்ணுக்குக் கீழே கரி பிடித்த மாதிரி இருந்தது.

நம்மை நோக்கி வருவதை உடைப்பது சரி, அவர்களை நோக்கிப் போவதையும் நாம் ஏன் தலையில் வாங்கவேண்டும் என்று கேட்டாள். அது இல்லாமல் இது கிடையாது என்றார். ஒன்றாகத்தான் விற்கிறார்கள்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. சரின்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு நாம என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

அவள் தண்ணீரைக் குடித்து முடித்துத் தம்ளரை மேசையில் வைத்தாள்.

அப்போதுதான் அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். திருத்தப் படிவம். ஒப்பந்தத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். ஏதாவது ஒரு நிலத்தைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டும் என்று அரசு அதிகாரி யாராவது கருதினால் எழுதிக் கொடுக்கலாம். உங்களுக்கு வேண்டியவர்கள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால், என்று இழுத்து நிறுத்தினார். வெள்ளிக்கிழமையோடு தேதி முடிகிறது. இழுப்பறையில் ஏற்கனவே நிரப்பின படிவங்கள் ஒரு கட்டு இருந்தது. நாற்பதுக்குக் குறையாது. அவர் தடுக்காததால் எடுத்துப் புரட்டினாள். மேலே இருந்தது அவருடைய சொந்த ஊருக்கானது. அதற்குக் கீழே ஓர் அமைச்சரின் தொகுதி. ராணுவத்துக்காரருடையது இருந்தது. இன்றைக்குக் காலையில்கூட அவ்வளவு காரமாகப் பேசின பேராசிரியையின் கையெழுத்தும் இருந்தது. ஐந்தாவது அமலதாஸ், தூத்துக்குடி பக்கத்தில் ஒரு நத்தம், தேதி ஆறு வாரத்துக்கு முந்தினது. எல்லாம் தெரிந்துதான் அந்த மனுஷன் அவளுக்கு வரைபடத்தைக் காட்டியிருக்கிறார். தன்னால் சொல்ல முடியாததை வேறு யாராவது சொல்லட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

படிவத்தை எடுத்துக்கொள்ளக்கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் தம்பிக்குப் போன் செய்தாள். ஊரை விட்டு வேறெங்காவது வந்துவிட முடியுமா என்று பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தாள். அவன் சிரித்தான். மூட்டம் பற்றவைத்து மூன்று நாள்தான் ஆகிறது, புகை வெள்ளையாக வருகிறது, இப்போது விட்டுவிட்டு வந்தால் எல்லாம் சாம்பலாகிவிடும் என்றான். அப்புறம் அவன் வழக்கமான கேலி. வீட்டடிக்குப் பட்டா கேட்டு ஒன்பது மனு போட்டாயிற்று, எல்லாம் உங்க ஆபீசுலதான் தூங்குது, அக்காக்காரி பெரிய அதிகாரின்னு பேர்தான் என்றான். அவள் எப்போதும் இதற்குச் சிரித்துவிடுவாள். தம்பி மனு என்பதற்காகவே அதைத் தொடாமல் வைத்திருந்தாள். சொந்தக்காரனுக்காக வரிசையைத் தாண்டினாள் என்று ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்பதில் அவளுக்கு அத்தனை பெருமை. அந்தப் பட்டா மட்டும் இருந்திருந்தால் நூற்றுப் பன்னிரண்டில் ஓர் ஓரமாவது பச்சையாக இருந்திருக்கும். அன்றைக்கு அவளால் சிரிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் படிவத்தைக் கணினியில் திறந்தாள். முதல் கட்டத்தில் நீக்கவேண்டிய நிலம். கருவேலந்துறை, நூற்றுப் பன்னிரண்டு என்று அடித்தாள். இரண்டாவது கட்டம், மாற்று நிலம். இதை வேதாசலம் சொல்லவில்லை. பத்துக் கிலோமீட்டருக்குள், அதே அளவில், வேறொரு நிலத்தை விழுநிலமாகக் கொடுத்தால்தான் இது நீங்கும். அருகில் இருந்த மயானத்தைப் போட்டுப் பார்த்தாள், அளவு போதாது. மேய்ச்சல் நிலத்தைப் போட்டாள், காற்றாலைக்குக் குத்தகை போயிருக்கிறது. கடைசியில் இயந்திரமே ஏழு நிலங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஏழும் நத்தம். ஏழும் பச்சையாக இருந்தவை, பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, இது தேவையில்லை என்று இயந்திரம் தானாகவே விட்டுவைத்த ஊர்கள்.

அதில் இரண்டு ஊரில் சேதுராசின் பெண்டாட்டிக்குச் சொந்தம் உண்டு. ஒன்றில் அவன் கரி வியாபாரி இருக்கிறான். இன்னொன்றில் பள்ளிக்கூடம் இருப்பது ஞாபகம் வந்தது. மற்ற மூன்றில் ஊமைகுளம் என்ற பேரை மட்டும் அவள் கேள்விப்பட்டதே இல்லை. யாரையும் தெரியாத ஊர். அதைத் தொட்டாள்.

மூன்றாவது கட்டத்தில் அச்சடித்த ஒரு வரி ஏற்கனவே இருந்தது. 'இந்தத் திருத்தம் தவிர, மாநிலத்தின் மற்ற நில வகைப்பாடுகள் அனைத்தும் சரியானவை என உறுதி கூறுகிறேன்.' குழுவுக்கு அவளிடமிருந்து தேவைப்பட்ட சான்று அதுதான். கூட்டத்தில் எழுந்து நின்று தப்பு என்று சொன்னவளிடமிருந்து, ஒரு தம்பியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்கள். மற்ற எட்டுப் பேரும் அவரவர் பங்குக்கு எதை உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்களோ தெரியாது.

அவள் அந்த வரியைத் திரும்பவும் படித்தாள். ஏழு பேரின் முகமும் வந்தது, சின்னவன் பல் விழுந்த வாயோடு சிரிப்பது வந்தது. ஊமைகுளத்துக்காரர்களுக்கு முகம் வரவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

குழு சேரலாம் என்று பரிந்துரைத்தது, ஒன்பதுக்கு ஒன்பது. ஒரு மாதத்தில் ஒப்பந்தம் ஆனது. பட்டாசு வெடித்தார்கள். எதிர்த்தவர்கள் ஊர்வலம் போனார்கள், தண்ணீர் பீய்ச்சி விரட்டினார்கள், பத்து நாளில் அதுவும் ஓய்ந்தது. அமலதாஸ் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ள வந்தவர், எந்த ஊரை மாற்றினீர்கள் என்று கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு புதன்கிழமை. காலை பதினொன்றே முக்காலுக்கு முதல் ஏவுகணை வந்தது. நம்மை நோக்கிக்கூட இல்லை; தெற்கே நடுக்கடலில் இருக்கிற நேச நாட்டுத் தளத்தைக் குறிவைத்து யாரோ ஏவியது, நம் வானத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. கவசம் அதைப் பார்த்தது, எண்ணியது, அடித்தது. எல்லாம் ஒன்றரை நிமிஷம். சென்னையில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிச் செய்தியில் முழு வெற்றி என்றார்கள். சிதைவுகள் ஆள் இல்லாத புறம்போக்கு நிலத்தில் விழுந்தன, உயிர்ச்சேதம் இல்லை என்று வாசித்த பெண் புன்னகைத்தாள். அலுவலகத்தில் ஜாங்கிரி வாங்கிவந்து மேசைக்கு மேசை வைத்தார்கள். எந்த மாவட்டம் என்று தில்லைநாயகி இரண்டு தடவை கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. தம்பியின் எண் அடித்தால் போகவே இல்லை.

நாலு மணிக்கு அவனே கூப்பிட்டான். அவன் குரலைக் கேட்டதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஊரில் எல்லாரும் நல்லபடி இருக்கிறார்கள், டவர் வேலை செய்யவில்லை, அதனால்தான் என்றான். நம்ம ஊருக்கும் இதுக்கும் எட்டுக் கிலோமீட்டர்தான், சாமி புண்ணியத்தில் தப்பித்தோம் என்றான். அவனோடு கரிமூட்டத்து ஆட்கள் அறுபது பேர் மண்வெட்டி, நனைத்த சாக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு, சிதைவு விழுந்த ஊருக்கே ஒத்தாசைக்கு வந்திருக்கிறார்களாம். நெருப்பை மண்ணைப் போட்டு மூடி அடக்குகிற வித்தை அவர்களுக்குத்தானே தெரியும். தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. ஆள் இல்லாத இடத்துக்கு வண்டி எதற்கு என்று தாலுகாவில் கேட்கிறார்களாம். பின்னால் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் வருகிற மாதிரி இல்லை.

எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

"ஊமைகுளம்னு ஒரு ஊரு, யக்கா. நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட."

அவள் ம் என்றாள்.

"யக்கா, ஒரு உதவி. இங்க சொல்றதுக்கு ஆள் மிச்சமில்ல. மொத்தம் எத்தனை வீடு இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் எங்க எங்க தோண்டணும்னு தெரியும். உங்க பதிவுல இருக்குமா?"

பதிவேட்டைத் திறந்தாள். நத்தம் புறம்போக்கு, நாலே கால் ஹெக்டேர். குடியிருக்கிற அனுபோகதாரர் பேர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு. அதை மூடிவிட்டுப் போன மாதத்துச் செயற்கைக்கோள் படத்தை எடுத்தாள். ஒரு தெரு, அதில் பிரியும் இரண்டு சந்து, ஒரு வேப்பமரம், கோவிலோ பள்ளியோ ஏதோ ஒரு நீளக் கட்டடம். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு கூரையாக எண்ணினாள். கண்ணில் தண்ணீர் மறைத்ததில் ஒரு தடவை கணக்குத் தப்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அவன் அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்திருந்தான்.

"அறுபத்து நாலு," என்றாள்.

"அறுபத்து நாலா? நாங்க முப்பதுன்னுல்ல நெனைச்சோம்." பக்கத்தில் இருந்தவர்களிடம் எண்ணைச் சொன்னான். மண்வெட்டிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. "நல்லவேளை யக்கா, நீ அந்த ஆபீசுல இருக்க. இல்லாட்டி யாரைப் போயிக் கேட்டிருப்போம்?"

மேற்குச் சந்து எங்கே முடிகிறது, அதில் எத்தனை வீடு என்று அவன் அடுத்துக் கேட்டான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரு பார்த்துச் சொல்றேன் என்று, மறுபடியும் எண்ண ஆரம்பித்தாள்.